பவுனு கொடுத்த நீலக் கடுதாசி

மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையில் நானே ஆணியடித்துச் செய்த மாயப்பெட்டி. யாரிடமும் கைகட்டி நிற்காமல் கற்ற நாற்பது வித்தை. எட்டுப் பேர் கொண்ட ட்ரூப். சொந்த மைக் செட். சொந்தமாக ஓட்டு வீடு. இத்தனையும் நான் ஒண்டியாக உண்டாக்கியவை. மூன்றாம் வகுப்பு தாண்டாதவன் வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிறானே, அது எவ்வளவு பெரிய மேஜிக்!

உங்களுக்குத் தெரியாததா? எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்...

ஆனால் போன வாரம் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. அதிலிருந்து என் வாய் கொஞ்சம் அடங்கித்தான் கிடக்கிறது.

பக்கத்து பெஞ்சில் ஒருவர். எஸ்டேட்டில் வேலை போய், பினாங்கிலிருந்து ஊர் திரும்பிப் பத்து நாள்தான் ஆகிறதாம்.

"வரச் சொன்னா அடுத்த கப்பல்ல வாரேன், ஒரு வரி பதில் போடு பவுனுன்னு பக்கம் பக்கமா எழுதுனேன் மாப்ள. பதிலே இல்ல. எட்டு வருசம் அங்கிட்டே கெடந்துட்டேன். இப்பக் கேட்டா, வெத்துக் கடுதாசிதான் வந்துச்சுங்குறா. திருவிழாவுல எவனோ மந்திரக்காரன்கிட்ட குடுத்து வாங்குனாளாம். இதை நான் நம்பணுமாம்!"

"பதில் போட மனசில்லாதவ சொல்ற சாக்கு மச்சான்" என்றான் கூட இருந்தவன்.

பவுனு. எனக்குத் தெரிந்த பெயர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அம்மன் திருவிழா. தேரடித் தெருவில் என் ஷோ. டிக்கெட் கிடையாது, கொட்டகை கிடையாது. முன்னால் கூட்டம், முதுகுக்குப் பின்னால் கூட்டம், மொட்டைமாடியிலும் கூட்டம். வித்தைக்காரனுக்கு இதைவிட இம்சை உண்டா? மேடையென்றால் பைக்குள் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். தெருவில் எல்லாமே விரல்தான்.

ரூபாய் நோட்டை எரித்து மீட்கிற வித்தை. இலவசக் கூட்டத்தில் யார் நோட்டை நீட்டுவார்கள்? அதனால் கடுதாசிக்கு மாற்றியிருந்தேன். நம் பக்கத்தில்தான் வீட்டுக்கு வீடு பினாங்குக் கடுதாசி உண்டே! அங்கிருந்து வந்த ஒருவரிடம் எழுதாத நீலத்தாள் கொஞ்சம் வாங்கி, ஒட்டி, மேலே விலாசம் போலக் கிறுக்கி வைத்திருந்தேன். வெல்வெட் பைக்குள் இரண்டு அறை. ஒன்றில் என் தாள், மற்றதில் அவர்கள் கடுதாசி. எரிப்பது என்னுடையதை. எடுத்துக் கொடுப்பது அவர்களுடையதை.

அந்தப் பையைத் தைத்தவர் என் கூட்டாளி காதர் பாய். ஷோவுக்கு முன்னால் சொன்னார்: "அண்ணே, நம்ம தாளோட மூலைய மடிச்சு வச்சுக்கிருங்க. தடவினா தெரியும்."

"எனக்கே பாடமா பாய்?" என்றேன். மடிக்கவில்லை.

பெயர் கேட்டதும், "பவுனுங்க" என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி கூட்டத்திலிருந்து வந்தாள். இடுப்பில் செருகியிருந்த நீலக் கடுதாசியை எடுத்தாள்.

"காலையிலதாங்க வந்துச்சு. இன்னும் பிரிக்கல. வாத்தியாரைத் தேடிக்கிட்டுத் திரியுறேன், படிச்சுச் சொல்லச் சொல்லி. எரிச்சுப்புடாதீங்க ஐயா!"

"எரிச்சாத்தானே ஆத்தா வித்தை!" என்று ஒரு குரல். ஒரே சிரிப்பு.

"நான் பொறுப்பு தாயி" என்றேன். கடுதாசியைப் பைக்குள் போட்டு, விரலில் பட்ட ஒன்றை எடுத்து எரித்து, மற்றதை எடுத்து நீட்டினேன்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவளும் கடுதாசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். ரொம்பப் பிரமாதம் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

சாமான்களைக் கட்டும்போது திரும்பி வந்தாள். கையில் பிரித்த நீலத்தாள். உள்ளே ஓர் எழுத்து இல்லை.

"வாத்தியாரு ஒண்ணுமே எழுதலைங்குறாருங்க. வாரீகளா இல்லையான்னு எங்க வீட்டுக்காரருகிட்ட கேட்டிருந்தேன், அதுக்குப் பதிலு... கடுதாசிய மீட்டுக் குடுத்துட்டீக. எழுத்தையும் மீட்டுக் குடுத்துருங்கய்யா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது, சாம்பலானது எது என்று.

காதர் பாய் காதோரம் சொன்னார்: "சொல்லிருங்கண்ணே."

சுற்றிலும் ஜனம். இத்தனை பாடுபட்டு எடுத்த பேராச்சே! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உங்க வீட்டுக்காரர் போட்டதே வெத்துக் கடுதாசி தாயி. வாங்குனதத்தான் குடுத்தேன்."

அவள் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. "அப்படிங்களா..." என்றாள். தாளை நாலாக மடித்து, திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அதன் பிறகு அவளும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை என்பது டீக்கடையில்தான் தெரிந்தது.

டீக்கடையில் நான் எழுவதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். எழுவதற்குள் என்ன எழுவதற்குள்! பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் எழவில்லை.

இந்தப் பத்திரிகை பவுனு ஊருக்கும் போகிறது. வாத்தியார் ஐயா, நீங்களே அவர்கள் வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் படியுங்கள். பவுனு சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் எழுதியதும் பொய்யில்லை. நடுவில் நின்ற ஒருவன்தான் பொய்.

நோட்டீஸில் என் பெயரைச் சின்னதாகப் போட்டதற்காக அச்சாபீஸில் போய்ச் சண்டை பிடித்தவன் நான். இதற்கும் விடமாட்டேன். எவனோ மந்திரக்காரன் என்று சொல்லாதீர்கள். இந்தப் பத்தியின் தலையில் பெரிய எழுத்தில் இருக்கிறதே, அந்தப் பெயரைச் சொல்லுங்கள்!