மேடு இல்லாத வழிகள்

டாக்டர் என் கணவரிடம்தான் சொன்னார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததால் நான்தான் தலையாட்டினேன்.

"மேடு ஏறக்கூடாது, படி ஏறக்கூடாது, கனமா எதையும் தூக்கக்கூடாது. ஆனா நடக்கணும். தினமும், சமதரையில, மெதுவா."

என் கணவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஆவாரம்பாளையத்தில் பம்ப்செட் பாகங்கள் கடையும் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிஷினுக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது சட்டை தோளில் தொங்கியது.

"நீயும் கூடப் போ புள்ள. வழியில எங்காச்சும் உழுந்து வெச்சான்னா ஆரு பாக்கறது?" என்றார் மாமியார். அப்படித்தான் அவரோடு நடக்கப் போனேன். காவலுக்கு.

அதுவரை நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து எங்கேயும் நடந்ததில்லை. கல்யாணமோ, கோயிலோ, துக்க வீடோ, அவர் ஆண்களோடு முன்னால் போவார், நான் பெண்களோடு பின்னால் போவேன். வீட்டில் மாமியார், கொழுந்தன் குடும்பம், எங்கள் மகள் என்று எப்போதும் ஆள் இருக்கும். "அப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வேன். "வேண்டாம்னு சொல்லு" என்பார் அவர், எனக்கு நன்றாகவே காதில் விழும்படி. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியிருந்தது. சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது.

காலையில் டவுன் பஸ் பிடித்து ரேஸ் கோர்ஸுக்குப் போவோம். பெரிய மரங்களின் நிழலில் வட்டமாகப் போகும் ரோடு, ஏற்ற இறக்கமே இல்லை. வெள்ளை கேன்வாஸ் ஷூவும் ஸ்வெட்டருமாக மில் முதலாளிகள் எங்களைத் தாண்டி வேகமாகப் போவார்கள். நான் ரப்பர் செருப்பு. முதல் நாள் பழக்கத்தில் அவர் முன்னால் போனார். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். பின்னால் வந்த நான் பக்கத்தில் வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து பக்கத்தில் பக்கத்தில்தான் நடந்தோம்.

முதலில் பேசியது கொள்ளுப்பருப்பைப் பற்றி. வீட்டுக்குப் போய் என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். கேட்க அங்கே மகள் இல்லையே.

"கொள்ளுப்பருப்பு மட்டும் வேண்டாம் அம்மணி. எனக்கு அது ஆகவே ஆகாது."

நான் நின்றுவிட்டேன். வாராவாரம் ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, பின்ன இத்தன வருசமா ஏன் சொல்லலீங்க?"

"அம்மாவுக்குப் புடிக்குமல்ல."

சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் மேல் பல் ஒன்று சற்று முன்னால் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. நான் கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள் என்பது அவருக்குத் தெரியாது. "நிசமாவா?" என்று மூன்று நாள் திரும்பத் திரும்பக் கேட்டார். பஸ் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அவருக்குச் சின்ன வயதில் இருட்டென்றால் பயமாம். தன்னைவிடச் சின்னவனான தம்பியை எழுப்பிக் கூட்டிக்கொண்டுதான் வெளியே போவாராம். லேத்தில் இரும்பு கடையும் சத்தத்தை வைத்தே உளி மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சம் தெரிந்தது.

ரேஸ் கோர்ஸ் பழகிப்போனதும் அவரே புதுப்புது இடமாகத் தேடினார். பஸ் கண்டக்டரோ டீக்கடைக்காரரோ, யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, அந்தப் பக்கம் மேடு இருக்குதுங்களா?" ஞாயிற்றுக்கிழமைகளில் பேரூர் போவோம். நொய்யலில் தண்ணீர் வந்திருந்தால் படித்துறைக்கு இறங்காமல் மேலேயே தென்னந்தோப்பு ஓரமாக நடப்போம். தண்ணீர் இல்லாத மாதங்களில் ஆற்று மணலையும் சீமைக்கருவேலத்தையும் பார்த்துக்கொண்டு நடப்போம், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சிங்காநல்லூர் குளத்துக்குப் போனால் கரைமேல் ஏறும் சின்னச் சரிவில் மட்டும் என் தோளைப் பிடித்துக்கொள்வார். அங்கே நாரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஒருநாள் கேட்டார்.

"நீ கடல் பாத்திருக்கறயா?"

"இல்லீங்க."

"நானும் இல்ல. கடலோரத்துல மேடே இருக்காதல்ல?"

காலை பாசஞ்சர் ரயிலில் கோழிக்கோடு போனோம். "இந்த வயசுல என்ன ஊர்சுத்தல்" என்று மாமியார் முணுமுணுத்தது தெருமுனை வரை கேட்டது. பாலக்காடு தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பச்சையாகிவிட்டது. அவர் குழந்தை மாதிரி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடற்கரையில் மேடு இல்லை, ஆனால் மணல் காலை உள்ளே இழுத்தது. நாலெட்டு வைப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. திரும்பிவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. அலை வந்து போன ஈர மணல் கெட்டியாக இருப்பதைக் கண்டுபிடித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் மேலேயே நடந்தார். கடலுக்குள், ஒரு காலத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றிய பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள் துருப்பிடித்து நின்றன. ஒரு பெரிய அலை வந்து காலடி மண்ணை இழுத்தபோது என் கையைப் பிடித்தார். அலை போன பிறகும் விடவில்லை. சுற்றிலும் அவ்வளவு ஜனம். நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கியிருந்தது. வழக்கம்போல ரேஸ் கோர்ஸில் ஒரு சுற்று முடித்திருந்தோம். "செத்த நேரம் உக்காரலாம் அம்மணி" என்றார். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மகளை மேலே என்ன படிக்கவைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சின் நடுவில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது.

எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். அப்புறம், யார் பார்த்தால் என்ன என்று அப்படியே இருந்தேன். நடந்து போன ஒருவர் நின்று, "அம்மா, அவருக்கு என்னாச்சுங்க?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை.

"நடக்க வெச்சு நடக்க வெச்சே என்ற பையனக் கொன்னுபோட்டயே" என்று மாமியார் என் மார்பில் அடித்து அழுதார். நடந்ததால்தான் இத்தனை நாள் இருந்தார் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும், இத்தனை வருஷம் கூட வாழ்ந்துவிட்டு எப்படித் தாங்குவாள் என்று பேசிக்கொண்டார்கள். அவரை எனக்குத் தெரிந்தே ஒன்றரை வருஷம்தான் ஆகிறது என்று யாரிடம் சொல்வது? அப்போதுதான் கிடைத்தவரை அப்போதே கொண்டுபோய்விட்டார்கள்.

அடுத்த வருஷம் ஒரு பஞ்சுக் கமிஷன் கடையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ரேஸ் கோர்ஸ் பக்கம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டுச் சுற்றி வேறு பஸ்ஸில் போவேன். மாமியார் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மாமியாரும் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நடக்கறப்ப அவன் என்ன புள்ள பேசுவான்?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கிட்ட அவன் பேசுனதே இல்ல. சோறு போடு, வாரேன், போறேன். அவ்வளவுதான். உங்கிட்ட என்ன பேசுனான்னு சொல்லு."

சொன்னேன். தம்பியை எழுப்பிக்கொண்டு இருட்டில் போனதை, லேத்தின் சத்தத்தை, கடலில் வேட்டியை மடித்துக் கட்டியதை. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். நாலைந்து சாயங்காலத்திலேயே எல்லாம் தீர்ந்துபோயிற்று.

"இன்னும் சொல்லு" என்றார்.

அதற்கு மேல் அவரை எனக்கும் தெரியாது.