நாலாம் டேங்க் பாட்டில்

“...உடைக்க மாட்டேன்க்கா, சத்தியமா. ஒரு தடவ கையில குடுங்க, பாத்துட்டுத் திருப்பித் தந்துருதேன்” என்றான் அந்தோணி.

தெற்கே கடற்கரை ஊரான மணப்பாட்டிலிருந்து பஸ் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்தவன் கேட்டது ஒரே ஒரு பாட்டிலைத்தான். அதற்கு முன்னால் நான் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. குரலை மட்டும் ஒரு நாள் போனில் கேட்டிருக்கிறேன், அவன் நடுக்கடலில் இருந்தபோது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தப் பேய், பில்லி சூனியம் எதிலும் நம்பிக்கை கிடையாது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் காத்து கருப்பு என்பார்கள், நான் “மாத்திரை குடுத்தியா?” என்று கேட்கிற ஆள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ரெசின், அதாவது ஃபைபர் சாமான் வார்க்கிற பிசின், தயாரிக்கிற கம்பெனி எங்களுடையது. லேபில் சாம்பிள் ரூம் பதினான்கு வருடமாக என் பொறுப்பு. படித்தது பன்னிரண்டாவது, மற்றதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுக் கற்றது. ரெசினுக்கு ஸ்டைரீன் என்று ஒரு திரவம் கப்பலில் வரும். கப்பல் வருவதற்கு முன்பே, அதன் ஒவ்வொரு டேங்கிலிருந்தும் ஒரு லிட்டர் எடுத்து, சீல் வைத்த பாட்டிலில் விமானத்தில் எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் இசக்கி, எங்கள் கெமிஸ்ட், அதைப் பற்றி ஒன்று சொல்லுவான்: “பாக்கத் தண்ணி மாதிரி இருக்கும்க்கா, ஆனா உள்ளுக்குள்ள கல்லாகணும்னு ஒரு ஆசை.” அந்த ஆசையை அடக்க அதில் ஒரு மருந்து கலந்திருப்பார்கள். மருந்து தீர்ந்துபோனால் அது தானாகச் சூடாகும், சூடு ஏற ஏற இறுகும், இறுக இறுக இன்னும் சூடேறும், கடைசியில் டேங்க் வெடிக்கும். அதனால்தான் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்திருப்போம்.

அன்று ஆயுத பூஜை. லேபில் தராசுக்கு, மீட்டருக்கு, பியூரெட் ஸ்டாண்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். லேபுக்குள் நெருப்பு கூடாது என்பதால் கற்பூரம் மட்டும் வெளியே கேட்டில். அப்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. கப்பல் ஒன்று வந்துகொண்டிருக்கிறது, வங்கக்கடலில் வேறு காற்று பலமாக இருக்கிறது என்கிறார்கள், அது நல்லபடியாக வந்து சேரட்டுமே என்று ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, பொட்டு வைத்து, ஜன்னல் திண்டில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். நாலாம் டேங்க் பாட்டில். அப்போது மணி பத்தரை. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன்.

மதியம் எல்லோரும் பொரி கடலை பொட்டலத்தோடு கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார்கள். லேபில் நானும் இசக்கியும் மட்டும். ஒரு மணி இருக்கும், மேனேஜர் சார் வீட்டிலிருந்து போன் செய்தார். குரலே சரியில்லை.

“தனம், கப்பல்ல நாலாம் டேங்க் சூடாகுது. பத்தரைலேருந்து ஏறிக்கிட்டே இருக்காம். நம்ம சாம்பிள உடனே டெஸ்ட் பண்ணச் சொல்லு. அறுபத்தஞ்சு டிகிரியத் தாண்டிட்டா அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. இருபத்திரண்டு பேர் இருக்காங்கம்மா.”

பத்தரை. நான் பாட்டிலை வெளியே எடுத்து வைத்த நேரம். ஓடிப்போய்ப் பாட்டிலைத் தூக்கினேன். டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

“இன்னாடா இசக்கி, இப்பிடி சுடுது?”

“வெயில்ல வச்சா சுடத்தானக்கா செய்யும்” என்றான். ஆனால் பக்கத்திலேயே அதே வெயிலில் பூஜைக்கு வைத்திருந்த ரெசின் பாட்டில் லேசான வெதுவெதுப்புதான். அவன் சீலை உடைத்துத் தெர்மாமீட்டரை விட்டான். நாற்பத்து மூன்று. அதற்குள் சார் கப்பலின் சாட்டிலைட் போனை எங்கள் லைனில் இணைத்திருந்தார். கேப்டன் பேசிய இங்கிலீஷ் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை, இரைச்சல் வேறு. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“தமிழா? நான் பம்ப்மேன் அந்தோணி பேசுதேன். இப்போ நாப்பத்தி மூணு.”

“இங்க எங்க பாட்டிலும் அதே நாப்பத்தி மூணுதாம்பா” என்றேன். இசக்கி சிரித்தான். கால் மணி கழித்து எங்கள் பாட்டில் நாற்பத்தாறு. அந்தோணியும் “நாப்பத்தாறு” என்றான். இசக்கி அப்புறம் சிரிக்கவில்லை.

பாட்டிலிலிருந்து ரெண்டு சொட்டு எடுத்து மெத்தனாலில் விட்டுப் பார்த்தான். தெளிவாக இருந்தால் நல்லது. பாலாகக் கலங்கியது. இறுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கப்பல் மேல்தளம் முழுக்கக் கடல் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள், கைவசம் இருந்த மருந்தையும் டேங்கில் ஊற்றிவிட்டார்கள், ஆனால் பம்ப் ஓடினால்தான் மருந்து கலக்கும், திரவம் கெட்டியானதில் பம்ப் சிக்கிக்கொண்டது. மீட்புக் கப்பல் வர ஏழு மணி நேரம். உயிர்காக்கும் படகில் இறங்கலாம் என்றால் அலை வீட்டு உயரம்.

“எறங்குனா கடலு, இருந்தா டேங்கு. எது கூப்பிடுதுன்னு பாத்துக்கிட்டு நிக்கோம்க்கா” என்றான் அந்தோணி. அவன் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. என்னால் சும்மா நிற்க முடியவில்லை. பூஜைக்கு ரோஸ்மில்க் கொடுத்த டப்பில் ஐஸ் கிடந்தது. பக்கெட்டில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, பாட்டிலை அதற்குள் அமுக்கிப் பிடித்தேன்.

“என்னக்கா வெளையாடுதீங்க? அது கப்பலு, இது பாட்டிலு!”

“தெரியுண்டா. வெளிய எடுத்து வச்சது நாந்தான. வேற இன்னா செய்யச் சொல்ற? நீ மருந்தப் போடு.”

“பூஜ போட்ட தராசு, இன்னிக்கித் தொடக் கூடாதும்பீங்களே?”

“இருபத்திரண்டு பேருடா!”

 அவன் தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டான். எதையும் நம்பாத பையன்! மருந்தை நிறுத்துக் கொண்டுவந்து பாட்டிலில் போட்டான். மேலேயே மிதந்தது, இறங்கவில்லை, உள்ளே தேன் மாதிரி ஆகியிருந்தது. மூடியைப் போட்டு அசைத்தேன், அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

போனில் கேப்டன் கத்துவது கேட்டது. எல்லோரையும் படகுக்குப் போகச் சொல்கிறார் என்றான் அந்தோணி. பிறகு, “பத்து நிமிசம் கேட்டிருக்கேன்க்கா. கீழ போய் பம்ப ஒருக்கா பாத்துட்டு வந்துருதேன். வரலன்னா...” என்றான். லைன் துண்டித்துக்கொண்டது. கடைசியாகச் சொன்ன எண் ஐம்பத்தொன்பது.

பத்து நிமிடம் போனது. இருபதும் போனது. சார் திரும்பத் திரும்ப முயற்சி செய்துகொண்டிருந்தார், இசக்கி வராந்தாவில் போனோடு நடந்துகொண்டிருந்தான். லேபில் நான் மட்டும், தரையில் உட்கார்ந்து, ரெண்டு கையும் ஐஸ் தண்ணீருக்குள். கை மரத்துப்போய் என்னுடையது மாதிரியே இல்லை. வல்லக்கோட்டை முருகனைக் கூப்பிட்டேன், அந்தோணி கும்பிடுகிற மாதாவையும் கூப்பிட்டேன், யார் காதில் விழுந்தாலும் சரி.

அப்போதுதான் கையில் உணர்ந்தேன். டொக் டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். ஐஸ் விரிசல் விடுகிறது என்றுதான் நானும் நினைத்தேன். பாட்டிலைப் பக்கெட்டிலிருந்து வெளியே தூக்கினேன். டொக் டொக். டொக். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து. நம்பினால் நம்புங்கள், உள்ளே இருந்தது அந்தக் கெட்டித் திரவத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

என்ன தோன்றியதோ, என் கண்ணாடி வளையலால் பாட்டிலைத் திருப்பித் தட்டினேன். இரண்டு, ஒன்று. உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது, முன்னைவிட வேகமாக. நானும் தட்டினேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை, அழுதுகொண்டே தட்டினேன், “வாப்பா, வந்துடுப்பா” என்று சொல்லிக்கொண்டே தட்டினேன். வளையல் ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறியது. அடுத்ததால் தட்டினேன். திடீரென்று கைக்குள் பாட்டில் லேசாக அசைந்தது. மேலே மிதந்த மருந்து ஒரு சுழி மாதிரி சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. நான் அசைக்கவில்லை. சத்தமும் நின்றுவிட்டது.

இசக்கி கத்திக்கொண்டு ஓடிவந்தான். லைன் கிடைத்துவிட்டது.

“பம்ப் ஓடிருச்சுக்கா” என்றான் அந்தோணி. மூச்சு இரைத்தது. “அம்பத்தெட்டு. எறங்குது.”   ஆறு மணிக்கு நாற்பத்தொன்று. அன்று ஒருவரும் படகில் இறங்கவில்லை.

வெயில் பட்டதால் பாட்டில் சூடானது, டிகிரி ஒன்றாக இருந்தது தற்செயல் என்று இசக்கி இன்றைக்கும் சொல்கிறான். இருக்கலாம். ஆனால் அந்தத் தட்டலைப் பற்றி அவனிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்பார்கள். சாம்பிளை மூன்று மாதத்தில் அழித்துவிட வேண்டும் என்பது விதி, நான் அந்த ஒன்றை மட்டும் ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் ஒளித்து வைத்திருந்தேன்.

கப்பலை விட்டு இறங்கி ஊருக்குப் போன அந்தோணி, சாரிடம் விலாசம் கேட்டு, அத்தனை தூரம் வந்து அதைத்தான் கேட்டான். கறுத்து மெலிந்த ஆள், முப்பது வயது இருக்கும். வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு, அன்று பம்பைத் தட்டிய ஸ்பேனர் சுட்டது என்றான். வந்ததிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துக் கொடுத்தேன். சந்தனப் பொட்டு காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது.

ரெண்டு கையாலும் வாங்கினான்.  ஆள்காட்டி விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினான். டொக் டொக். இடைவெளி. டொக். தட்டிவிட்டுப் பாட்டிலைக் காதோடு வைத்துக்கொண்டு, என் வளையலைப் பார்த்தபடி காத்திருந்தான்.