பதினெட்டாவது கை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரிப் பாசனச் சங்கத்தின் பொதுக்குழு. புதுச்சேரியில், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அந்தத் தகுதியில் நானும் ஒரு மெம்பர். மற்றபடி எனக்கும் விவசாயத்துக்கும் உள்ள உறவு, நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் போனில் சொல்வதற்கெல்லாம் 'ம்' கொட்டுவதோடு சரி.

பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டம். கோரத்துக்கு வேண்டிய தலைகள் சேர வேண்டுமே? காத்திருந்த நேரத்தில் பேச்சு தேர்தல் பக்கம் திரும்பியது. யார் யாரோடு கூட்டணி, மாநில அந்தஸ்து இந்தத் தடவையாவது வருமா, இல்லை வாக்குறுதியோடு சரியா... அப்போது ஒருவர் என்னிடம் கேட்டார். அரசியல் சட்டத்தைத் திருத்துகிறார்களே, அதற்கு நம் சட்டசபையைக் கேட்பார்களா?

சும்மா இருப்பேனா நான்? விளக்கினேன். சில முக்கியமான திருத்தங்களுக்கு நாடாளுமன்றம் மட்டும் போதாது. பாதி மாநிலங்களின் சட்டசபைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் நாம் இல்லை. யூனியன் பிரதேசம்! எம்.எல்.ஏ. இருக்கிறார், முதலமைச்சர் இருக்கிறார், கேட்கத்தான் மாட்டார்கள். நம்மைப் பாதிக்கிற விஷயத்துக்கு நம்மையே கேட்காமல் விட்டால் என்ன நியாயம் என்று ஒரு போடு போட்டு முடித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

பிறகு அஜெண்டா. செயலாளர் ஞானப்பிரகாசம் — ரிட்டயரான கணக்கு வாத்தியார் — பைலாவுக்கு, அதாவது சங்க விதிகளுக்கு, ஒரு திருத்தத்தை வாசித்தார். எங்கள் ஏரியில் மதகு திறந்தால் முதல் தண்ணீர் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத்தான். ஏரியை ஒட்டிய தலைமடைக்காரர்கள் தங்கள் முறை வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இனிமேல் முதலில் தலைமடை என்று மாற்ற வேண்டுமாம். வந்திருக்கும் மெம்பர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்க வேண்டும். வந்திருந்தது இருபத்தேழு பேர். ஆக, பதினெட்டுக் கை.

என் நிலம் தலைமடை. யோசிக்கவே இல்லை, தூக்கிவிட்டேன்.

வாத்தியார் எண்ணினார். சரியாகப் பதினெட்டு. எதிர்ப்பவர்கள் யார் என்றதும் ஒன்பது கைகள் எழுந்தன. வாசலிலிருந்து இன்னொரு கையும்.

சரோஜா. எங்கள் வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. ஆனால் வாய்க்கால் அங்கே போய்ச் சேர்வதற்குள் புதுச்சேரி முடிந்து கடலூர் மாவட்டம் வந்துவிடுகிறது. சங்கத்தைப் பதிவு செய்தபோது யாரோ எங்கிருந்தோ காப்பியடித்த பைலாவில், 'கொம்யூன் எல்லைக்குள் நிலம் உள்ளவர்' மட்டுமே மெம்பர் என்று இருந்தது. கடைமடையில் பாதிப் பேர் அந்த ஒரு வரியில் வெளியே போய்விட்டார்கள். தண்ணீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"நீ கைய எறக்கும்மா. நீ மெம்பர் இல்ல" என்றார் வாத்தியார். கோபமாக இல்லை, விதியைச் சொன்னார்.

"வாய்க்கா தூர் வார மம்முட்டியோட வாங்கன்னு எங்களையுந்தான கூப்புட்டீங்க. அப்ப மெம்பரான்னு கேக்கலியே."

சரோஜா குரலை உயர்த்தவில்லை. மேலே எல்லாரும் பாய்ச்சி முடித்துத் தண்ணீர் தங்களிடம் வருவதற்குள் விதைக்கிற பட்டம் தப்பிவிடும் என்றார். மழை ஏமாற்றிய வருஷத்தில்கூட இந்த முதல் தண்ணீரால்தான் வீட்டுக்கு நெல் வந்தது, அதுவும் போனால் நிலத்தைத் தரிசாகத்தான் போட வேண்டும் என்றார்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்து டில்லியைக் கேள்வி கேட்டவன் நான். வெட்கமாக இருந்தது... நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

மினிட்ஸில் எழுதுவதற்குள் எழுந்து, என் கையைக் கழித்துவிடச் சொன்னேன். பதினேழு. திருத்தம் தோற்றது. பக்கத்திலிருந்தவர் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தால் சரோஜா நிற்கிறார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து முகத்தைக்கூட அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"இந்த வருஷம் நீங்க கைய எறக்கிட்டீங்க சார். அடுத்த வருஷம் நீங்க வரலன்னா? ஒங்க ஒரு கைய நம்பி நாங்க நாத்து வுட முடியுமா? எங்க பேரையும் மெம்பர்ல எழுதச் சொல்லுங்க."

என்ன தப்பு இதில்? அவரையும் அழைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். வாத்தியார் நல்ல மனுஷர். பைலாவை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, தாராளமாகச் சேர்க்கலாம் என்றார். அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும், மெம்பர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் முடிந்தது.

சரோஜா என் பக்கம் திரும்பினார்.

"அதுக்கும் நாங்க கை தூக்கக் கூடாது... அதான சார்?"