மச்சானுக்கு மட்டும் முதலில் கொடுத்தது

சிதம்பரத்தில் நான் வைத்திருந்த பெயின்ட் கடை 2008-ல் நொடித்துப்போனது. கடலூர் கோர்ட்டில் மஞ்சக் கடுதாசி கொடுத்தேன். திவால் மனுவுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். எத்தனை பேரை அதே பேரைச் சொல்லி நான் கேலி செய்திருக்கிறேன்! வாய்க்கொழுப்புக்கு நன்றாக வேண்டும் எனக்கு. ஆனால் ஒன்று, மனு போட்ட பிறகு கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்பது நின்றது. பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் நிம்மதியாகக் காபி குடித்தேன்.

மனு போடுவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். குறிஞ்சிப்பாடியில் இருக்கிற என் மனைவியின் தம்பி, நிலம் விற்ற பணத்தில் இரண்டு லட்சம் எனக்குக் கடன் கொடுத்திருந்தான். பெண் எடுத்த வீட்டுக் கடனைக் கோர்ட்டுப் பட்டியலில் எழுதுவதா? அதைவிட அசிங்கம் உண்டா? மிச்சமிருந்த டப்பாக்களை வந்த விலைக்குத் தள்ளி, அவன் வேண்டாம் வேண்டாம் என்றபோதும் அதட்டி முழுப் பணத்தையும் அவன் கையில் திணித்தேன். அவன் பெயரைப் பட்டியலிலும் எழுதவில்லை.

அதோடு அவன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பொங்கல் சீரைக்கூட யாரிடமோ கொடுத்தனுப்பினான். என் மனைவிக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருவன்தான். அவள் அழுதாள். பணம் வந்துவிட்டது, இனி எதற்கு வருவான் என்று நான் கத்தினேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

கோர்ட் நியமித்த ரிசீவர் கணக்கைப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. வக்கீல் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். வீட்டுப் பத்திரத்தை வைத்திருக்கிற வங்கி வீட்டை விற்று எடுத்துக்கொள்ளுமாம். மிச்சத்தில் முதலில் அரசாங்க வரியும் வேலையாள் சம்பளமும். மற்ற எல்லாரும் ஒரே வரிசை, சொந்தமோ அந்நியமோ ரூபாய்க்கு இத்தனை பைசா என்று ஒரே பங்கு. மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒருவனுக்கு மட்டும் கொடுத்தது செல்லாது, மச்சான் திருப்பிக் கட்ட வேண்டும் என்றார். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டால் உறவு அறுந்துபோகும் என்றே நினைத்தேன்.

மனைவியோடு பஸ் ஏறிக் குறிஞ்சிப்பாடி போனேன். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். மச்சான் உள்ளே போய்ப் பணத்தை அப்படியே எடுத்துவந்தான். நான் கொடுத்த துணிப்பையைக்கூட மாற்றவில்லை.

"தொடவே இல்ல மாமா," என்றான். "எங்க தெருல சுண்ணாம்பு யாவாரம் பண்றவருக்கும் நீங்க தரணும். ரெண்டு பொண்ணு அவருக்கு. தெனம் எங்கிட்ட பொலம்புறாரு. எனக்கு மட்டும் முழுசா வந்துடுச்சு, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அக்கா வூட்ல வந்து சாப்புடுறது?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. அன்றைக்கே மூன்று பேரும் கடலூர் போய்ப் பணத்தைக் கட்டினோம். பட்டியலில் சுண்ணாம்புக்காரர் பெயருக்குக் கீழே அவன் பெயரைச் சேர்த்தார்கள். திரும்ப வருவது கால்வாசிகூட இருக்காது என்று ரிசீவர் எச்சரித்தார். சரிங்க என்று தலையாட்டினான்.

வெளியே வந்து ரசீதை என்னிடம் கொடுத்தான். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "பசிக்குதுக்கா, வூட்டுக்குப் போலாமா?" என்றான்.