ரிட்டயரான கண்டக்டரின் நான்கு பொழுதுபோக்குகள்

கண்டக்டருக்கு விசில் ஊதக் கற்றுக்கொடுத்தார்கள். ரிட்டயரானவனாக இருக்க மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை. செங்கம் வண்டியில் இருபத்தொன்பது வருஷம் நின்றுகொண்டே போய்வந்த என்னை, 1970களின் கடைசியில் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். நல்ல பொழுதுபோக்காகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மேனேஜர் மாலை போட்டார். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

பழைய இடம்

முதல் வாரம் குளித்துவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்தேன். என்னோடு ஓடிய டிரைவர் ஏழுமலை இரண்டு நாள் டீ வாங்கிக் கொடுத்தான். மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, வீட்ல அண்ணி கூட எதுனா தகராறா?"

தோட்டம்

அதன்பின் கொல்லையில் பீர்க்கங்கொடி போட்டேன். பந்தலில் எட்டுப் பிஞ்சு தொங்கியது. மலைக் குரங்குகள் மதில்மேல் உட்கார்ந்திருந்தனவே தவிர, ஒன்றையும் தொடவில்லை. என்னைக் கண்டால் அதுகளுக்குப் பயம் என்று, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பியிடம் பெருமையடித்தேன். அவன் விவசாயி. பந்தலையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பயம்லாம் இல்ல மாமா. இன்னும் கொஞ்சம் பெருசாவட்டும்னு பாக்குதுங்க."

ஆர்மோனியம்

இரண்டே நாளில் பந்தல் காலி. பஜனை கோஷ்டியில் ஒதுக்கிப் போட்ட ஆர்மோனியம் ஒன்றை வாங்கிவந்தேன். எங்கள் மாடி அறையில், மலையடி ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு ஜெர்மன்கார அம்மா குடியிருந்தார். நாற்பது நாள் மௌன விரதம். எதுவானாலும் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார். குறை சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில் காலையும் மாலையும் ச-ரி-க-ம வாசித்தேன்.

பத்தாம் நாள் அவர் படியிறங்கி வந்தார். கையில் சிலேட்டு இல்லை. என் முன்னால் நின்று கும்பிட்டார். மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவரிடம் சொல்வதற்காகக் கற்றுவைத்திருந்த தமிழ் வார்த்தையைச் சொல்லி விரதத்தை முறித்தார்: "ஐயா, போதும்."

சமையல்

அந்த மாதமே என் மனைவி கமலா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒரு டம்ளர் தண்ணீர்கூட என்னைக் கேட்டு வாங்கியிராதவள் வலியில் வெளுத்துப் படுத்திருந்தாள். அவள் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடுப்படியில் நின்றேன். முதல் நாள் ரசம் ஒரே புளிப்பு. முகம் சுளிக்காமல் குடித்து முடித்தாள். மூன்றாவது வாரம் வத்தக்குழம்பு கேட்டு இரண்டாம் தடவை தட்டை நீட்டினாள். அன்றிலிருந்து விழிக்கும்போதே அன்றைய குழம்பு என்னவென்று யோசிக்கத் தொடங்கினேன்.

கட்டுப் பிரித்த அன்று கமலா அடுப்படிக்குள் போய்க் கரண்டியை எடுத்தாள். வாசற்படியில் நின்ற எனக்கு, மறுபடியும் வேலையை விட்டு அனுப்பிவிட்டது போல் இருந்தது. திரும்பி என் முகத்தைப் பார்த்தவள் கரண்டியை என்னிடம் நீட்டினாள். "கை இன்னும் வலிக்குதுன்னே வெச்சுக்கலாங்க. நாளைக்கு என்ன குழம்பு?"

ஆக, ஏற்ற பொழுதுபோக்கு எது என்று தேடுகிறவர்களே, நீங்கள் அதைச் செய்யச் செய்ய வீட்டிலிருப்பவர்கள் 'போதும்' என்று சொல்லாமல் இருந்தால், அதுதான்.