சந்தனம் வைத்த மைக்ரோவேவ்

என் மகளுக்குச் சடங்கு வைத்தபோது அண்ணன் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்தது ஒரு மைக்ரோவேவ் அடுப்பு. காமயகவுண்டன்பட்டியிலிருந்து தேனிக்கு வேன் பிடித்து வந்து, மண்டபத்துக்கு முந்தின தெருவிலேயே இறங்கி, கொட்டுக்காரர்களை முன்னால் விட்டு, பழத்தட்டு, சேலைத்தட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பெட்டியைத் தானே தலையில் சுமந்து வந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூடை சுமந்து பழகிய தலை. பாரம் தெரிந்திருக்காது.

என் வீட்டுக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இது பேக்கரியில பப்ஸ் சூடு பண்ற சாமானுல்ல?" என்று சபை நடுவே கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அண்ணன் முகம் சுண்டிப்போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கடை பொம்மை மாதிரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன். அன்றைக்கு இலையில் உட்காராமலே கிளம்பின அண்ணன், அதற்கப்புறம் மூன்று வருடமாக எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை.

அந்த அடுப்பும் எங்கள் வீட்டில் எதையும் சூடாக்கவில்லை. அதன் பக்கம் போனாலே இவர் "பப்ஸ் ரெடியா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் உள்ளே வடகமும் அப்பளமும், மேலே மிக்ஸி ஜார் என்று வைத்துக்கொண்டேன். மரியாதையில் மட்டும் குறை வைத்ததில்லை. ஆயுத பூஜைக்கு இவர் பைக், கிரைண்டர், தையல் மெஷினோடு அதையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பேன். பட்டனில் வைத்தால் கெட்டுப்போகும் என்று ரொம்பப் புத்திசாலித்தனமாகக் கதவைத் திறந்து, உள்விளிம்பில் இரண்டு ஓட்டை இருக்கிறதே, அந்த இடமாகப் பார்த்து வைப்பேன். மூன்று வருடமும் அப்படித்தான்.

தன் மகன் கல்யாணப் பத்திரிகை வைக்க வருவதாக அண்ணன் போன் செய்தார். எனக்கு ஒரே நினைப்புதான், இந்தத் தடவையாவது அவர் ஒரு வாய் சாப்பிட வேண்டும். கறிக்குழம்பு வைத்தேன். அவர் கொடுத்த அடுப்பிலேயே அவர் கண் முன்னால் சூடாக்கிப் பரிமாறுவதாகத் திட்டம். வடகத்தைக் காலி செய்து பிளக்கைச் சொருகினேன். உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து ஸ்டார்ட்டை அழுத்தினேன். அசையவில்லை.

கூட வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கடிகாரத்தில் நேரம் வைக்கச் சொன்னது, வைத்தேன். பூட்டு விழுந்திருந்தால் ஸ்டாப் பட்டனை விடாமல் அழுத்தச் சொன்னது, விரல் வெளுக்கிற வரை அழுத்தினேன். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விடச் சொன்னது. நல்லா ஓய்வெடுக்கட்டும் என்று பத்து நிமிடம் விட்டேன். மறுபடி சொருகினால் கடிகாரம் பூஜ்யத்தில் வந்து நின்றது. மேலே இன்னொன்றும் எழுதியிருந்தது, கதவு சரியாக மூடியிருக்கிறதா பார் என்று. கதவை மூடத் தெரியாதவளா நான் என்று அதைப் படித்ததோடு விட்டுவிட்டேன்.

"தள்ளு" என்று வந்த இவர், பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ரிமோட்டிலிருந்து தண்ணீர் மோட்டார் வரைக்கும் இவர் கற்றிருக்கிற ஒரே ரிப்பேர் அதுதான். "ஒங்கண்ணன் சீரு, ஒங்கண்ணன் மாதிரியே முறுக்கிக்கிட்டு நிக்கிது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் வந்தார். தட்டில் பத்திரிகையை வைத்து முறையாக நீட்டினார். சாப்பிடச் சொன்னதும், "சாப்பிட்டுத்தேன் வாரேன் ஆத்தா" என்று எழுந்துவிட்டார்.

நான் அடுப்படிக்கு ஓடி ஸ்டார்ட்டை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். அழுகை முட்டியது. திரும்பினால் அடுப்படி வாசலில் அண்ணன் நிற்கிறார்.

"ஓடலையாத்தா?"

"இல்லண்ணே."

"மொதல்ல பிளக்கப் புடுங்கு."

கதவைத் திறந்து உள்விளிம்பில் விரலை ஓட்டினார். கதவின் கொக்கி நுழைகிற ஓட்டையில் ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. என் வளையலில் கிடந்த ஊக்கைக் கேட்டு வாங்கி மெதுவாகக் கிண்டினார். சுண்ணாம்புக் காரை மாதிரி சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது.

அண்ணன் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "வருசா வருசம் கும்பிட்டிருக்க. ஒருநாக்கூடப் போடல."

நான் தலையை ஆட்டினேன்.

"எவர்சில்வர் ஆகாது. பீங்கானுல ஊத்து" என்றார். குழம்பை ஊற்றிக் கொடுத்தேன். "வாங்குறதுக்கு முன்ன கடைக்கு மூணு தரம் போயி, நின்னு கேட்டுப் படிச்சேன். எதுக்குக் கேக்குறீகன்னு சிரிச்சாக. நீ கேப்ப, சொல்லிக் குடுக்கணும்லன்னுதேன்."

"அன்னைக்கு நான் பேசியிருக்கணும்ணே. வாயடைச்சு நின்னுட்டேன். தப்புத்தேன்" என்றேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த இவருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அண்ணன் பிளக்கைச் சொருகி, நேரம் வைத்து, கதவை மூடி ஸ்டார்ட்டை அழுத்தினார். தட்டு சுற்றியது. கண்ணாடி வழியாகக் குழம்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் வந்ததும் கிண்ணத்தைத் துணியால் பிடித்து எடுத்து, சூடு ஏறியிருக்கிறதா என்று ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புப் பத்தல" என்றார்.

நான் உப்பு ஜாடியைத் தேடித் திரும்பினேன். அவர் அடுப்படித் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சோத்தப் போடுத்தா."