வாவியில் எறிந்த பெட்டி

யுத்தத்தின் கடைசி வருடங்களில் மட்டக்களப்பில் தனியாக இருந்தேன். சங்கீத ஆசிரியையாக இருந்த என் மனைவி இறந்துவிட்டாள். அவள் பாடிய தேவாரங்கள் கணினியில் இருந்தன. வெளிநாட்டிலிருந்த மகன், வீட்டு நெட்வேர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டியொன்றை அனுப்பி, அவற்றின் பிரதியொன்றை அதில் வைக்கச் சொன்னான். காத்தான்குடியில் கணினிக் கடை வைத்திருந்த என் பழைய மாணவர் நசீர் வந்து பொருத்தித் தந்தார்.

"சேர், என்ட கடையிலயும் ஒரு கொப்பி கிடக்கட்டுமே. பயப்படாதீங்க, டீச்சர்ட பாட்ட நான் விக்க மாட்டன்" என்று சிரித்தார்.

"தேவையில்ல தம்பி" என்றேன். அந்நாட்களில் எங்கள் தமிழ் ஊருக்கும் அவருடைய முஸ்லிம் ஊருக்கும் இடையே இருந்த சந்தேகம் என்னிடமும் இருந்தது. பெட்டியில்தான் இருக்கிறதே என்று, கணினியில் இடம் பிடித்திருந்த பாட்டுகளையும் அழித்துவிட்டேன்.

ஒரு காலை இராணுவச் சுற்றிவளைப்பு; வீடு வீடாகச் சோதனை. பெட்டியில் பச்சை விளக்குகள் மினுங்கின. புலிகளுக்குத் தகவல் அனுப்பும் கருவியென்று பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அதைக் கழற்றி, பின்வளவால் போய் வாவியில் எறிந்தேன். வந்தவர்கள் அடையாள அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெட்டி பழுதாகிவிட்டது என்று மகனிடம் சொன்னேன். இதை வாசித்துத்தான் அவன் உண்மையை அறிவான்.

இப்போது கணினியில் உள்ள எதையும் மூன்று இடங்களில் பிரதியெடுத்து வைக்கிறேன். ஒன்று நசீரின் வீட்டில். போன மாதம் அவர் கேட்டார்: "எல்லாம் இருக்கு சேர், டீச்சர்ட பாட்டு மட்டும் காணல்லயே?"

"அதை அண்டைக்கே உங்களிட்டத் தந்திருக்கவேணும், தம்பி" என்றேன்.